இங்க நிறுத்துப்பா

ஜனவரி 5, 2025, ஞாயிறு

இந்த நோட்டை அப்பாவுக்காக வாங்கினோம். காலை எடை, குடித்த தண்ணீர், ரத்த அழுத்தம் மூன்றையும் தினம் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். முன்பக்கத்தில் அந்தக் கணக்கு ஓடுகிறது. நான் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எழுதி வைக்காவிட்டால் இந்த மாதங்கள் எல்லாம் ஒரே நாளாகக் குழம்பிவிடும் போலிருக்கிறது.

திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். ஐப்பசியில் தொடங்கியது. அதிலிருந்து எங்கள் சமையலறையே வேறாகிவிட்டது. காயை நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் அம்மா அடுப்பில் ஏற்றுகிறாள். இளநீர், வாழைப்பழம், ஊறுகாய், அப்பளம், கருவாடு எதுவும் கிடையாது. தண்ணீர் நாளைக்கு முக்கால் லிட்டர். காபி, ரசம், மோர் எல்லாம் அதற்குள் அடக்கம்.

அண்ணன் பொங்கலுக்குக் கோவையிலிருந்து குடும்பத்தோடு வருகிறான். பசங்களுக்கு நம்ம பக்கத்து ஊரெல்லாம் காட்டணும், அப்பாவிடம் கேட்டு எழுதி வை என்றான். கேட்டதும் அப்பா காலண்டர் தாளைக் கிழித்து அவரே எழுதினார். பூண்டி, மீன். காஞ்சிபுரம், வரதராஜர் கோயில் இட்லி. திருத்தணி, அடிவாரத்தில் பூரிக்கிழங்கு. திருவள்ளூர், குளக்கரையில் சுக்குக் காபி. எந்த ஊருக்கும் கோபுரத்தை எழுதவில்லை, மலையை எழுதவில்லை. எங்களுக்கு இந்த ஜில்லாவை அவர் காட்டியதே அப்படித்தான். ஆவடி டாங்கி தொழிற்சாலையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை லீவு. வேப்பம்பட்டில் யூனிட் வண்டி பிடித்தால் எங்கே இறங்குகிறோம் என்பது அங்கே என்ன கிடைக்கும் என்பதை வைத்துத்தான்.

ஜனவரி 8, புதன்

டயாலிசிஸ் அறைக்கு வெளியே பெஞ்சுகள் போட்டிருக்கிறார்கள். முறை வரும்வரை எல்லாரும் அங்கே இருக்க வேண்டும். முதல் வாரங்களில் அந்தப் பேச்சு என் காதில் விழவில்லை, பயத்தில் இருந்தேன். இன்று கேட்டேன். முழுக்கச் சாப்பாட்டுப் பேச்சு.

ஊத்துக்கோட்டையிலிருந்து வரும் ஒரு பெரியவர், ஆந்திரா எல்லை தாண்டினால் கோங்குராச் சட்னி எப்படி இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். புளிச்சகீரையை வதக்கும்போது எழும் வாசனையைக் கையாலேயே காட்டினார். பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன், இருபது வயதுதான் இருக்கும், பிரியாணி பற்றிப் பேசினான். ஒரு அம்மா, மாகாளிக்கிழங்கு ஊறுகாய். யாரும் ஏக்கமாகப் பேசவில்லை. ஊர்க்கதை பேசுகிறவர்களைப் போல, இந்தக் கடை நல்லது, அந்தக் கடை இப்போது சரியில்லை என்று திருத்திக்கொண்டார்கள். அப்பா அவர் பங்குக்குத் திருத்தணியைச் சொன்னார். அந்தப் பையன் தன் ஃபோனில் குறித்துக்கொண்டான்!

உள்ளே போனதும் எடை பார்த்தார்கள். இரண்டு ஊசி, இரண்டு குழாய். ரத்தம் ஒரு கண்ணாடிக் குழல் மாதிரியான டயலைசருக்குள் போகிறது. உள்ளே முடிபோல மெல்லிய ஆயிரக்கணக்கான இழைகள், இழைக்கு வெளியே உப்புக் கரைசல். ரத்தத்தில் மிகுந்திருக்கும் யூரியாவும் பொட்டாசியமும் சவ்வைத் தாண்டி அந்தக் கரைசலில் இறங்கிவிடும். அப்பா மெஷின்காரர் இல்லையா, முதல் நாளே டெக்னீஷியனிடம் பம்ப் வேகம் வரைக்கும் கேட்டுத் தெரிந்துகொண்டார். நான்கு மணி நேரம்.

ஜனவரி 12, ஞாயிறு

அண்ணன் வந்தாயிற்று. ராத்திரி மாடியில் சண்டை. "அவரை எதிர்ல உக்காரவெச்சிட்டு நாம தின்றது பாவம்டி. பார்க், பீச்சுன்னு போயிடலாம்" என்றான். அப்பா எழுதிக் கொடுத்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்வதுதான் பாவம் என்றேன். அண்ணி இரண்டு பக்கமும் பேசவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கரும்பைச் சீவித் துண்டு போட்டுப் பசங்களுக்குக் கொடுத்தது அப்பாதான். கையை மட்டும் நன்றாகக் கழுவிக்கொண்டார்.

ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கல். பூண்டி.

திருவள்ளூர் தாண்டியதுமே நெரிசல். வேன், ஆட்டோ, டிராக்டரில்கூட ஆட்கள். டிசம்பரில் ஏரி நிரம்பி உபரி நீரைத் திறந்துவிட்டதால் கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர். அப்பா காரை விட்டு இறங்கிக் கரைமேல் நின்றார். காலையிலிருந்து அவர் குடித்தது அரை டம்ளர் காபி. நாக்கு ஒட்டிக்கொண்டால் போட்டுக்கொள்ள அம்மா ஒரு சின்ன பிளாஸ்கில் ஐஸ் துண்டு கொண்டுவந்திருந்தாள். அந்த ஐஸை வாயில் ஒதுக்கிக்கொண்டே பசங்களுக்குச் சொன்னார்: இதில் 3,231 மில்லியன் கன அடி தண்ணீர் பிடிக்கும். மெட்ராஸ் மேயராக இருந்த சத்தியமூர்த்தி 1940இல் அடிக்கல் நாட்டினார். கொசஸ்தலையாற்றுக்குக் குறுக்கே அணை எழும்பி 1944இல் முடிந்தது. அவர் 1943லேயே போய்விட்டார்.

"அப்ப அவரு தண்ணியப் பாக்கவே இல்லையா தாத்தா?"

"பாக்கல. பேரு மட்டும் இருக்குது, சத்தியமூர்த்தி சாகர்னு."

பக்கத்தில்தான் அதிரம்பாக்கம். ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் கல்லாயுதங்கள் கண்டெடுத்த இடம். அங்கே கிடைத்த இடைப் பழங்கற்காலக் கருவிகள் 3,85,000 ஆண்டுப் பழையவை என்று 2018இல் ஆய்வு வந்தது. அண்ணன் இதைச் சொன்னதும் அப்பா உடனே, "அவங்களும் இந்த ஆத்து மீனத்தான் தின்னிருப்பாங்க" என்றார். பசங்களுக்கு மூன்று லட்சம் வருஷம் அந்த நொடியில்தான் புரிந்தது என்று நினைக்கிறேன்.

மீன் கடைகள் வரிசையாக. மசாலா தடவிய ஜிலேபிக் கெண்டையும் விராலும் தட்டில் சிவப்பாக அடுக்கியிருந்தன. அப்பா ஒவ்வொரு கடையாகப் பார்த்து, ஒரு கடையில் மசாலா தடவாத மீனைத் தூக்கிச் செவுளைத் திறந்து பார்த்தார். "இங்க நிறுத்துப்பா" என்றார், காரில் இருப்பவரைப் போல. எல்லாருக்கும் அவரே சொன்னார்: இவனுக்கு முள் குறைச்சலாக, அவளுக்கு வால்பக்கம், மருமகளுக்கு நன்றாக முறுகலாக. நாங்கள் தின்னத் தின்ன, "உள்ள வெந்திருக்குதா? எண்ணெ புதுசா?" என்று கேட்டபடி இருந்தார். அண்ணன் தலையைத் தூக்காமல் சாப்பிட்டான்.

கடைக்கார அம்மா அப்பாவின் இடது முழங்கையைப் பார்த்துவிட்டாள். ஃபிஸ்டுலா போட்ட இடம், ஊசி குத்திக் குத்தித் தடித்திருக்கிறது. "மிசின்ல படுக்கிறீங்களாய்யா?" என்றாள். அவள் அண்ணனுக்கும் இதேதானாம். பிறகு எதுவும் கேட்கவில்லை. கல்லின் ஓரத்தைச் சுரண்டித் துடைத்து, உப்பு, மசாலா எதுவும் போடாமல் ஒரு விரால் துண்டைப் போட்டாள். கொஞ்சம் மிளகு நுணுக்கித் தூவினாள். டயாலிசிஸ்காரர்களுக்குப் புரதம் வேண்டும், மீன் தாராளமாகத் தரலாம், உப்புதான் கூடாது என்று டாக்டர் எங்களிடம் சொன்னது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவளுக்கு அது தெரிந்தே இருந்தது.

அப்பா மெதுவாகத் தின்றார். "மீனு மீனாட்டமே இருக்குதும்மா" என்றார் அவளிடம். அவள் அந்தத் துண்டுக்குக் காசு வாங்கவில்லை.

அம்மா இன்று தின்றது, அண்ணன் மகன் மிச்சம் வைத்த வால்.

ஜனவரி 18, சனி

காஞ்சிபுரம் போகவில்லை. விடியற்காலையில் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. இரண்டு கிலோ ஏறியிருந்தது. போன் செய்து கேட்டு, அவசரமாக ஒரு டயாலிசிஸ்.

சாயங்காலம் கட்டிலில் சாய்ந்துகொண்டு, அண்ணன் மகளைக் கூப்பிட்டு அந்தக் கோயில் இட்லியை எழுதச் சொன்னார். பச்சரிசியும் உளுந்தும் கொரகொரவென்று அரைக்க வேண்டும். மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய். உயரமான மூங்கில் குடலை, உள்ளே மந்தாரை இலை சுற்றி மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவிட வேண்டும். பெருமாளுக்குப் படைத்த பிறகு உருளையை வெட்டித் தருவார்கள். "நடுத்துண்ட வாங்காத. இலை ஒட்டின ஓரத்துத் துண்டா கேட்டு வாங்கு. அதுலதான் வாசனை இருக்கும்." அவள் "ஓரத்துத் துண்டு" என்று கீழே கோடு போட்டு எழுதிக்கொண்டாள். நாளை ஊருக்குப் போகிறார்கள்.

ஜனவரி 24, வெள்ளி

வீடு காலியாக இருக்கிறது. எடை சரியாக இருக்கிறது.

ஜனவரி 29, புதன்

தை அமாவாசை. திருவள்ளூர் வீரராகவர் கோயில்.

தாத்தாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். பகல் பதினொரு மணிக்கு மெஷின். இருட்டிலேயே கிளம்பினோம். கேட் போட்டிருந்தது, ஒரு வண்டி போய் இன்னொரு வண்டி வரும்வரை நின்றோம். ஹிருத்தாபநாசினிக் குளக்கரையில் நிற்க இடமில்லை. முந்தின ராத்திரியே வந்து தங்கிய குடும்பங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தன. நோய் தீர வேண்டியவர்கள் குளத்தில் வெல்லம் போடுகிறார்கள், வெல்லம் கரைகிற மாதிரி நோயும் கரையும் என்று. வைத்திய வீரராகவர் என்று பெயர். அம்மா பெரிய உருண்டையாகக் கொண்டுவந்திருந்தாள். அப்பா அதைக் கையில் வாங்கி, "இதுவும் சவ்வத் தாண்டிப் போறதுதான்" என்று சொல்லிவிட்டு, கும்பிட்டுப் போட்டார். அவர் கும்பிட்டது மனசாரத்தான்.

வரிசையில் நிற்கும்போது கோயில் கதை சொன்னார். சாலிகோத்திர முனிவர் ஒரு வருஷம் பட்டினி இருந்து, பொறுக்கிய அரிசியை மாவாக்கி, விருந்தாளி யாராவது வரட்டும் என்று காத்திருந்தார். ஒரு கிழவர் வந்தார். அவர் பங்கைத் தின்றார், பசி தீரவில்லை, முனிவர் பங்கையும் தின்றார். அடுத்த வருஷமும் வந்தார். தின்று முடித்துவிட்டு எங்கே படுப்பது என்று கேட்டார். முனிவர் தன் குடிசையையே காட்ட, அங்கே படுத்தவர்தான் இந்தப் பெருமாள். தின்றுவிட்டுப் படுக்கிற பெருமாளை அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும். கதையைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"அந்த முனிவரு அன்னிக்கி என்ன சாப்பிட்டாராம்?" என்றாள் அம்மா.

"எங்க சாப்பிட்டாரு? திரும்ப ஒரு வருஷம் பட்டினி."

அம்மா வேறொன்றும் கேட்கவில்லை. வரிசை நகர்ந்தது.

பிப்ரவரி 4, செவ்வாய்

அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்திருப்பது இன்றுதான் எனக்குத் தெரியும். டாக்டரிடம் தானே போய்ப் பேசியிருக்கிறாள். சிறுநீரகம் தருவதற்கு மனைவியும் நெருங்கிய உறவில் சேர்த்தி, 1994ஆம் வருஷச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ரத்த வகை பொருந்துகிறது. இன்னும் திசுப் பரிசோதனை, இதயம், நுரையீரல், கமிட்டி என்று வரிசையாக இருக்கிறது. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, என்னை ஏன் கேட்கவில்லை என்று. எனக்கு வகை பொருந்தாது என்று அவளுக்கு முன்பே தெரியுமாம்.

அப்பா "வேணாம்" என்று ஒரே சொல். இரண்டு வேளை சரியாகச் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 5, புதன்

ஒருவருக்கொருவர் பேசவில்லை. இருவரும் என்னிடம் பேசுகிறார்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

திருத்தணி. தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னால் என்பதால் காவடிக் கூட்டம் ஏற ஆரம்பித்துவிட்டது. அப்பாவால் படி ஏற முடியாது, கார் மேலே வரைக்கும் போயிற்று. அடிவாரத்தில் பூரிக்கிழங்குக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அப்பா கொஞ்ச நேரம் அதன் எதிரே நின்றுவிட்டு, 1960இல்தான் திருத்தணி நம் பக்கம் சேர்ந்தது, ம.பொ.சி. போராடி வாங்கினார், அதற்கு முன் இங்கே சட்னியில் ஆந்திரா காரம் இருந்திருக்கும் என்று என்னிடம் சொன்னார். பக்கத்துக் கடையில் பூரி வாங்கினேன். சுமாராகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறது என்றேன். அவருக்குத் தெரிந்துவிட்டது.

திரும்பும்போது கனகம்மாசத்திரம் வந்ததும் அம்மா, "இப்பிடித் திருவாலங்காடு போயி வரலாமா?" என்றாள். இதுவரை எங்கே போவது என்று அவள் சொல்லிக் கேட்டதே இல்லை. டிரைவர் வண்டியைத் திருப்பினார். வழியெல்லாம் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள்.

கோயிலில் கூட்டமே இல்லை. சிவன் ஆடிய ஐந்து சபைகளில் இது ரத்தினசபை. காளியோடு போட்டியிட்டுக் காலைத் தலைக்குமேல் தூக்கி ஆடினார் என்பது இங்கேதான். ராஜேந்திர சோழனின் செப்பேடுகள் 1905இல் கிடைத்ததும் இங்கேதான், அப்பா எல்லாவற்றையும் சொன்னார். அம்மா நேராகக் காரைக்கால் அம்மையாரிடம் போனாள். புருஷனுக்கு வைத்திருந்த மாம்பழத்தைப் பசித்து வந்த அடியாருக்குப் போட்டுவிட்டு, புருஷன் இன்னொன்று கேட்டபோது கையேந்தி நின்றவர். பேயுருவம் கேட்டு வாங்கி, ஆடுகிறவர் காலடியில் உட்கார்ந்து பாடுகிறார். அம்மா அங்கே தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பத்து நிமிஷம் கழித்து அப்பா, "கெளம்பலாமா?" என்றார். "நீங்க போயி கார்ல உக்காருங்க, வரேன்" என்றாள்.

காரில் அப்பா என்னிடம் கேட்டார். "உங்கம்மாவுக்கு எந்த ஊருல எது புடிக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு எல்லா ஊருக்கும் வந்தவள். எந்தக் கடையிலும் அவளுக்கென்று ஒரு தட்டு சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. "இங்க என்ன கிடைக்கும்?" என்றார் அப்பா. கோயில் வாசலில் ஒன்றுமே இல்லை, பூக்கடையும் தேங்காயும்தான்.

பிப்ரவரி 14, வெள்ளி

மெஷினில் ஏறியதும் முதல் மணி நேரத்தில் எதையாவது தின்றுவிடுவது அங்கே பல பேருக்கு வழக்கம். எப்படியும் கழுவி எடுத்துவிடும் என்ற கணக்கு. டாக்டருக்கு அது பிடிக்காது, சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார். இன்று அம்மா டப்பாவில் இரண்டு கீற்று கொய்யா வைத்திருந்தாள். அப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை அவளிடம் நீட்டினார். நர்ஸ் பார்த்துவிட்டுத் திட்டினாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

திசுப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. அப்பா "வேணாம்" என்பதை நிறுத்திவிட்டார், சரி என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரம் போகலாம் என்று அவரே ஆரம்பித்தார். கார் பேசியாயிற்று. அம்மாவிடம் எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று கேட்டேன். "நீயும் அப்பாவும் போயிட்டு வாங்க. நான் வரல" என்றாள். உடம்புக்கு என்ன என்றால் ஒன்றுமில்லை என்கிறாள். அப்பா இரண்டு தடவை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டு, காரை ரத்து செய்யச் சொல்லலாமா வேண்டாமா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.