இடது பக்கம் மட்டும்

உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமா? தெரியும் என்றால் ஒரு கேள்வி. பிரேக்கிலிருந்து ஆக்ஸிலேட்டருக்குக் காலை மாற்றும்போது என்றைக்காவது குனிந்து பார்த்திருக்கிறீர்களா? இருக்கமாட்டீர்கள். கால் அதுபாட்டுக்குப் போகும், வரும். உள்ளங்காலுக்கு ஒரு கண் உண்டு. எனக்கு அந்தக் கண் போய்விட்டது. போனதே தெரியாமல் போனதுதான் விசேஷம்.

திண்டுக்கல்லிலிருந்து பழனி போகிற ரோட்டில் ஒரு டீக்கடை. டீ குடித்துவிட்டு வந்து வண்டியை எடுத்தேன். எதிரே கடைப் பெஞ்சு. பிரேக்கைத்தான் மிதித்தேன் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். வண்டி பாய்ந்தது. பெஞ்சு இரண்டாக முறிந்தது. அரை நிமிஷத்துக்கு முன்னால் வரை அதில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தான். தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தான். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடுங்கண்ணே, பழைய பெஞ்சுதான்" என்றார். பெஞ்சுக்குக் காசு கொடுத்தேன். பையன் பாதி பன்னோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அதற்கு என்ன கொடுப்பது?

மறுநாள் டாக்டர். எனக்குப் பதினான்கு வருஷத்துச் சர்க்கரை. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். மெல்லிய நைலான் இழை ஒன்று வைத்திருந்தார். வளைகிற சமயம் சரியாகப் பத்து கிராம் அழுத்தம் கொடுக்கிற மாதிரி செய்யப்பட்டது. "பாதத்துல பட்டா சொல்லுங்க" என்றார். காத்திருந்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

"ஆரம்பிக்கலையா டாக்டர்?"

"முடிச்சிட்டேன்" என்றார்.

சர்க்கரையில் நீளமான நரம்புகள்தான் முதலில் அடி வாங்குமாம். அதனால் விரல் நுனியில் ஆரம்பித்து மேலே ஏறுகிறது மரமரப்பு. வீட்டுக்குள்ளேயும் எம்.சி.ஆர். செருப்பு, தினம் ராத்திரி கண்ணாடி வைத்துப் பாதத்தைப் பார்ப்பது, வெறுங்காலோடு கோயில் பிராகாரம் கூடாது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியாக, "காரை இனிமே வேற யாராவது ஓட்டட்டும்" என்றார். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் இருபத்திநாலு வருஷம் மெயின்டனன்ஸ் பார்த்தவன் நான். தேய்ந்த பார்ட்டைக் கழற்றி வேறு மாட்டித்தான் பழக்கம். கழற்ற முடியாத பார்ட் என்று ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அக்கா மகன் பெங்களூரில் வேலை கிடைத்துப் போகும்போது தன் கம்ப்யூட்டர், ஸ்டியரிங், மூன்று பெடல், எல்லாவற்றையும் என் வீட்டில் இறக்கிவிட்டான். "மாமா, இதுல எத்தனை பெஞ்ச வேணும்னாலும் உடைங்க."

அதில் இருந்தது ஐரேஸிங். 2008-இல் வந்தது. நிஜப் பந்தயத் தடங்களை லேசர் வைத்து அளந்து, மேடு பள்ளம் உள்பட அப்படியே கம்ப்யூட்டருக்குள் இறக்கியிருக்கிறார்கள். மாசச் சந்தா. எதிரே ஓடுகிற காரெல்லாம் எங்கோ ஒரு மனிதர் ஓட்டுவது. அதில் மருமகன் எனக்குக் காட்டிய வகை ஓவல். முட்டை வடிவப் பாதை, அமெரிக்காக்காரர்களின் நாஸ்கார் பந்தயம் ஓடுமே, அது. இடது பக்கம் மட்டும் திரும்பவேண்டும். மறுபடி இடது. மறுபடி இடது. "இது செக்குமாட்டு வேலைடா மாப்ள" என்றேன். "பத்து ரவுண்டு சுவத்துல மோதாம சுத்துங்க, அப்புறம் பேசுவோம்" என்றான். நாலாவது ரவுண்டில் மோதினேன்.

ஓவலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பவர்களுக்கு நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனை ஞாபகப்படுத்துகிறேன். 2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸில் ஃபார்முலா ஒன். அந்த மைதானமே ஒரு பழைய ஓவல். அதன் சாய்வான வளைவு ஒன்றை ஃபார்முலா ஒன் தடத்திலும் சேர்த்திருந்தார்கள். அந்தச் சாய்வில் விழுந்த பாரத்தை மிஷெலின் டயர்கள் தாங்கவில்லை. மிஷெலின் போட்ட பதினான்கு கார்களும் ஆரம்பிக்கும் முன்பே ஒதுங்கிவிட, ஆறே கார்கள் ஓடின. நரேன் நாலாவது. அவர் ஃபார்முலா ஒன்னில் வாங்கிய ஐந்து பாயின்ட்டும் அன்றைக்கு வந்தவைதான். விஷயம் அதோடு நிற்கவில்லை. 2010-இல் அவர் நாஸ்காரின் டிரக் பந்தயத்துக்கே போனார். முதல் போட்டி மார்ட்டின்ஸ்வில், முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும் குட்டி ஓவல். பதின்மூன்றாவதாக வந்தார். அந்த வருஷம் ரசிகர்கள் ஓட்டுப் போட்டு அவரையே மிகப் பிரபலமான டிரைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே எத்தனை ஓட்டு இங்கேயிருந்து போனதோ, கேட்காதீர்கள்!

சாய்வு என்றேனே. நம் சமவெளி நெடுஞ்சாலை வளைவுகளில் ஏழு சதவிகிதத்துக்கு மேல் சாய்ப்பதில்லை. கோணமாகச் சொன்னால் நாலு டிகிரி. டேடோனாவில் 31 டிகிரி, ஷார்லட்டில் 24. நடந்து ஏறினால் மூச்சு வாங்கும். காரின் எடையே அதை உள்பக்கம் தள்ளுவதால்தான் அந்த வேகத்தில் வளைய முடிகிறது. அப்போது ஸ்டியரிங்குக்குப் பெரிய வேலை இல்லை. எல்லாம் வலது காலில். வளைவுக்குள் நுழையும் முன்பே மெல்ல விடவேண்டும், ஒரே ஒரு தடவை, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொடுக்கவேண்டும். வெடுக்கென்று மிதித்தால் முன் வலது டயர் சூடேறி, கார் சுவரைப் பார்த்துப் போகும். உள்ளங்கால் மரத்துப்போனவனுக்கு உலகத்திலேயே பொருத்தமில்லாத விளையாட்டு இதுவாகத்தான் இருக்கும்.

பொருத்தமில்லை என்பதாலேயே விடவில்லை. காது கொஞ்சம் மந்தம் என்றாலும் சத்தம் மாறினால் எனக்குத் தெரியும். மில்லில் ஒரு ரிங் ஃபிரேமில் ஆயிரம் ஸ்பிண்டில் சுற்றும்போது ஒன்று மட்டும் வேறு சுருதியில் பாடினால் நடந்துகொண்டே கண்டுபிடித்தவன். இங்கேயும் அதேதான். முன் டயர் அனத்தினால் மூக்கு திரும்பாது, அவர்கள் பாஷையில் டைட். பின் டயர் அனத்தினால் வால் சுற்றும், லூஸ். இன்ஜின் சத்தத்தை வைத்து எவ்வளவு மிதித்திருக்கிறேன் என்று கணக்குப் போட்டேன். டயர் சத்தத்தை வைத்து எப்போது விடுவது என்று. இரண்டு மாசத்தில் பத்து ரவுண்டு மோதாமல் வந்தது. மருமகனுக்கு போன் போட்டுச் சொன்னேன். "தனியா ஓட்டுனீங்களா, கூட்டத்துலயா?" என்று கேட்டு சப்பென்று ஆக்கிவிட்டான்.

கூட்டம் வேறு சமாசாரம். முன்னால் போகும் காரின் பின்னால் ஒட்டினால் நேர் ரோட்டில் காற்று தடுக்காமல் வேகம் கிடைக்கும். அதே காரின் பின்னால் வளைவில் ஒட்டினால், மூக்கை அமுக்கவேண்டிய காற்று இல்லாமல் கார் திரும்ப மறுக்கும். கொஞ்சம் தள்ளி ஓடிக் காற்றைப் பிடிக்கவேண்டும். போதாததற்குத் தூரம். சர்வர் ஜெர்மனியில் இருந்தால் இங்கிருந்து சுமார் 7,500 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும். போய்வரவே 75 மில்லி செகண்ட். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நிஜத்தில் அதற்கு இரண்டு மடங்கு. நான் திரையில் பார்க்கும் கார் அங்கே இல்லை, இந்நேரம் அங்கே இருக்கும் என்று கம்ப்யூட்டர் ஊகித்த இடத்தில் இருக்கிறது. ஆகவே அரைக் கார் இடைவெளி கூடுதலாக விட்டு ஓட்டுவது மரியாதை.

அந்த மரியாதையை ஒரு ராத்திரி காப்பாற்ற முடியவில்லை. ஷார்லட். இருபது கார், விபத்து முடிந்து மறுபடி கிளம்பி, எல்லோரும் ஒட்டிக்கொண்டு வளைவுக்குள் போகிறோம். என் திரை உறைந்தது. ஐந்தில் ஒரு நொடி இருக்கும். 200 கிலோமீட்டர் வேகத்தில் அது பதினோரு மீட்டர், இரண்டு கார் நீளம். சத்தமும் கரகரத்து நின்றது. கால் நன்றாக இருக்கிறவன் அந்த இடைவெளியில் பெடலைப் பாதத்தால் பிடித்திருப்பான். எனக்கு இருந்தது கண்ணும் காதும். இரண்டும் போயின. படம் திரும்பியபோது மூன்றாவது இடத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு பிரேசில்காரரின் பம்பருக்குள் என் பானெட். அவர் சுழன்று சுவரில் அடித்து, பின்னால் வந்த நாலு பேரும் அதில் சேர்ந்தார்கள்.

இதில் தப்புக்குப் புள்ளி உண்டு. பலமாக மோதினால் நாலு. மோதியவனுக்கும் நாலு, மோதப்பட்டவனுக்கும் நாலு. யார் குற்றம் என்று கம்ப்யூட்டர் விசாரிப்பதில்லை. அந்த மனிதர் ஒரு தப்பும் செய்யாமல் நாலு வாங்கினார். சாரி என்று டைப் அடித்தேன். "நோ ப்ராப்ளம். நீங்கள் புதுசா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "புதுசு இல்லை, பழசு" என்று அடித்துவிட்டு அணைத்தேன்.

காபி கொண்டுவந்த மனைவி பார்த்துவிட்டு, "ஏங்க, பெஞ்ச உடைச்சிட்டு வந்தன்னிக்கு இதே மொகத்தோடதான் வந்தீங்க" என்றாள்.

இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் மில் புத்தி விழித்துக்கொண்டது. மெஷின் நின்றால் யாரையும் திட்டும் முன் மீட்டரைப் பார்.

கடைக்காரத் தம்பி, "கிராபிக்ஸ் கார்டு மாத்துங்க சார், பறக்கும்" என்றார். எல்லாக் கடைத் தம்பிகளும் இதைத்தான் சொல்வார்கள். 2021-இல் அந்தக் கார்டுகளை கிரிப்டோ தோண்டுகிறவர்கள் அள்ளிப்போய், விலை யானை விலை குதிரை விலை விற்றது. இப்போது அப்படி இல்லை. ஆனாலும் எனக்கு எதற்கு என்பதுதான் கேள்வி. ஐரேஸிங்கிலேயே திரை ஓரத்தில் ஒரு குட்டி மீட்டர் உண்டு. படம் வரைகிற கார்டுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது, கணக்குப் போடுகிற பிராசஸருக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டும். பழைய ரேஸை ஓடவிட்டுப் பார்த்தேன். கார்டு சாவகாசமாக இருந்தது. இருபது கார் சேர்ந்தால் பிராசஸர்தான் சிவப்புக்குப் போனது. நியாயம்தானே. இருபது காரின் டயரும் ஸ்பிரிங்கும் எங்கே எப்படி என்று கணக்கெழுதுவது அதுதான்.

இருந்தது 2018-இல் வந்த ரைசன் 5 2600. 2022-இல் வந்த 5600 அதே மதர்போர்டில் உட்காரும். உள்ளே வைத்துக்கொள்ளும் கேஷ் நினைவகம் 16-லிருந்து 32 எம்.பி. ஆகிறது. கூடவே ஒற்றையாய் இருந்த 8 ஜி.பி. ரேமுக்கு ஒரு ஜோடி. இரண்டாக இருந்தால்தான் பாதை இரண்டாகத் திறக்கும். எல்லாம் சேர்த்துப் பதினான்காயிரத்துச் சொச்சம். "கால் நரம்புக்கு டாக்டர் எழுதின டெஸ்ட்டுக்கு ரெண்டாயிரம்னா யோசிக்கிறீங்க" என்றாள் மனைவி. நியாயம். டெஸ்ட்டை முதலில் எடுத்தேன். பிராசஸர் அடுத்த மாசம்.

புது பிராசஸரைப் பழைய போர்டுக்கு அடையாளம் தெரிய பயாஸை மாற்றி எழுதவேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் போர்டு காயலான் கடைக்குத்தான். யு.பி.எஸ்-ஸின் பேட்டரி மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. வெளியே ஆடிக் காற்று. எதிர்வீட்டுத் தென்னை மட்டை கம்பியைத் தொட்டுத் தொட்டுப் போகிறது. நாலு நிமிஷம். என் கல்யாணத்தில் தாலி கட்டும்போதுகூட இவ்வளவு வேர்க்கவில்லை.

மாற்றிய பிறகு படம் அழகாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை. அதே படம்தான். ஆனால் நிற்கவில்லை. இருபது கார் ஒட்டிப்போனாலும் நொடிக்கு அறுபது, ஆடாமல் அசையாமல். இன்னொரு வேலையும் செய்தேன். மருமகன் யோசனைதான். ஆக்ஸிலேட்டர் பெடலுக்குப் பின்னால் மில்லில் கழித்துப்போட்ட ரப்பர் காட் ஒன்றை வெட்டி வைத்தேன். இப்போது பெடலை அமுக்கினால் எதிர்த்துத் தள்ளுகிறது. பாதத்துக்குத் தெரியாவிட்டாலும் கெண்டைக்காலுக்குத் தெரிகிறது. முழங்காலுக்கு இன்னும் செய்தி போய்க்கொண்டிருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நிஜப் பந்தயம் நின்றபோது நாஸ்கார்காரர்கள் இதே ஐரேஸிங்கில் போட்டி நடத்தி டி.வி-யில் காட்டினார்கள். முதல் போட்டியை ஜெயித்த டென்னி ஹாம்லின் வெறுங்காலோடு ஓட்டினார். நான் எம்.சி.ஆர். செருப்போடு ஓட்டுகிறேன்.

டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். சிரித்தார். "அது நரம்ப வளர்க்காது. சுகரைக் குறைங்க" என்றார். குறைத்துக்கொண்டு வருகிறேன். தலப்பாகட்டித் தெரு வழியாக மாலையில் நடப்பதை நிறுத்திவிட்டேன், வாசனையே விரோதி. நிஜக் காரை எடுக்கலாமா என்ற கேள்வியை நான் கேட்கவில்லை. ரப்பர் காட் வைத்த பெடலை நம்பிப் பழனி ரோட்டில் இறங்க எனக்குத் துணிச்சல் இல்லை.

போன வாரம் ஷார்லட்டில் இருபத்திரண்டு பேரில் ஒன்பதாவது. புள்ளி பூஜ்யம். என்னால் யாருக்கும் ஒரு கீறல் இல்லை. முன்னால் போகிறவனின் பம்பரைப் பார்க்காமல் மூன்றாவது காரைப் பார்க்கக் கற்றுக்கொண்டதுதான் காரணம். அவன் ஆடினால் எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. எட்டாவதாகப் போனவனைக் கடைசி ரவுண்டில் தாண்டியிருக்கலாம். இடம் இருந்தது. விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காரை விற்றேன். வத்தலக்குண்டிலிருந்து இளைஞர் ஒருவர் வந்தார். சாவியைக் கொடுத்ததும் ஸ்டார்ட் செய்தார். உள்ளே எங்கோ சன்னமாக ஒரு கீச்சு. "தம்பி, ஃபேன் பெல்ட்ட மாத்திருங்க, பத்து நாள் தாங்காது" என்றேன். "நல்லாத்தானே இருக்கு சார்?" என்றார். மனைவி திண்ணையில் உட்கார்ந்து இரண்டாம் தடவையாக நோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். கார் தெருமுனை வரை போய், இண்டிகேட்டர் போட்டு, வலது பக்கம் திரும்பியது.