மாத்திரைக்கு முன்னால் ஒரு சின்ன டப்பா

நீர்க்கடுப்பு என்றால் பல வீடுகளில் 'உடம்பு சூடு' என்றுதான் முதலில் சொல்வார்கள். இளநீர், மோர், பார்லி கஞ்சி. அதற்கும் அடங்காவிட்டால் மெடிக்கலில் கேட்டு நாலு மாத்திரை. எரிச்சல் குறைந்ததும் மிச்ச மாத்திரை அலமாரிக்குப் போய்விடும். பரிசோதனைக்குப் போக மட்டும் கூச்சம். சிறுநீர் டப்பாவைக் கைப்பைக்குள் ஒளித்து எடுத்துப் போகிற பெண்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஆனால், அந்த டப்பா சொல்லும் சேதி பெரியது. லேபில் ஒரு சின்னப் பட்டையை அதில் நனைத்து எடுப்பார்கள். இரண்டு நிமிடத்துக்குள் அதிலுள்ள கட்டங்கள் நிறம் மாறும். ஒரு கட்டம் வெள்ளை அணுக்களின் அடையாளத்தைக் காட்டும்; உடம்பு எதையோ எதிர்த்துப் போராடுகிறது என்று பொருள். இன்னொரு கட்டம் நைட்ரைட்டுக்கு. இந்தத் தொற்றைப் பெரும்பாலும் உண்டாக்கும் ஈ.கோலை கிருமி, சிறுநீரில் உள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றிவிடும். அதற்குச் சிறுநீர் சுமார் 4 மணி நேரம் பையில் தங்க வேண்டும். காலையில் முதலில் போகும் சிறுநீரைக் கேட்பது அதனால்தான்.

நிறம் மாறவில்லை என்றால் தொற்றே இல்லை என்று அர்த்தமில்லை. சில கிருமிகள் நைட்ரைட்டை உண்டாக்காது. சந்தேகம் இருந்தால் டாக்டர் கல்ச்சர் எழுதிக் கொடுப்பார். கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்க்கும் சோதனை அது. முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகலாம். மாத்திரையை விழுங்கிவிட்டுக் கொடுத்தால் கிருமி வளராமலே போகலாம். அதனால் முதலில் டப்பா, பிறகுதான் மாத்திரை.

எடுக்கும் முறையும் முக்கியம். தண்ணீரால் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். லேபில் தரும் டப்பாதான் சரி. பழைய மருந்து பாட்டில் ஆகாது. தாமதமில்லாமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும்.

வயதானவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருப்பதுண்டு. பட்டை நிறம் மாறியதற்காக மட்டும் பாட்டிக்கு ஆன்டிபயாட்டிக் தேவைப்படாது. கர்ப்பிணிகள் விஷயம் வேறு. தொந்தரவே இல்லாவிட்டாலும், கல்ச்சரில் கிருமி தெரிந்தால் சிகிச்சை வேண்டும்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்பக்கம் முதுகுவலி, வாந்தி என்று வந்தால் தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

"எரியுதும்மா" என்று மகள் தயங்கிச் சொல்லும்போது, "சூடுதான், மோர் குடி" என்று முடித்துவிடாமல் லேபுக்குக் கூடவே போகிற அம்மாவால்தான் அந்தக் கூச்சத்தைப் போக்க முடியும்.