மோட்டாருக்கு ஒரு ஸ்தோத்திரம்

திங்கட்கிழமை காலை. ஆபீஸ் அவசரம். தலை நிறைய ஷாம்பு. குழாயில் வெறும் காற்று. மோட்டார் 'கொய்ங்' என்று முனகி உயிரை விட்டது. காயில் போச்சு!

"சனியன்!" என்று கத்தினேன். "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றாள் மனைவி.

"காயில் எரிஞ்சதுக்குமா ஸ்தோத்திரம்?"

"தெள்ளுப்பூச்சிக்கே சொல்லியிருக்காங்க" என்று ஆரம்பித்தாள். ஹாலந்தில் யூதர்களை வீட்டில் ஒளித்து வைத்த கோரி டென் பூமையும் அவர் அக்கா பெட்சியையும் 1944-ல் நாஜிகள் ரேவன்ஸ்ப்ரூக் முகாமில் அடைத்தார்கள். படுக்கையெல்லாம் தெள்ளுப்பூச்சி. அதற்கும் பெட்சி நன்றி சொல்ல, கோரிக்கு எரிச்சல். பிறகுதான் தெரிந்தது: பூச்சிக்குப் பயந்தே காவலர்கள் உள்ளே வருவதில்லை. அதனால்தான் அங்கே பைபிள் படிக்க முடிந்தது!

"சரி, என் தலைக்கு?" என்றேன். பக்கெட்டை நீட்டினாள். "கீழ் வீட்டுல கேளுங்க."

கீழ் வீட்டுப் பெரியவரோடு ஆறு மாசமாகப் பேச்சில்லை. ஸ்கூட்டர் நிறுத்துகிற தகராறு. வேறு வழி? நுரைத் தலையோடு கதவைத் தட்டினேன். பார்த்தவர் சிரித்துவிட்டார். "உள்ள வாங்க தம்பி."

தலையை அலசிக்கொண்டு வந்ததும் காபி கொடுத்தார். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: போன மாசம் ஒரு ராத்திரி அவருக்கு நெஞ்சுவலி. தனி ஆள். பாதி மாடிப்படி ஏறி வந்து, என்னைக் கூப்பிடத் தயங்கித் திரும்பிவிட்டாராம். எனக்குக் காபி இறங்கவில்லை.

"இனிமே எந்நேரமானாலும் கதவைத் தட்டுங்க சார்" என்றேன்.

அன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில், மோட்டாருக்காக நான்தான் முதலில் ஸ்தோத்திரம் சொன்னேன். மெக்கானிக் நீட்டிய 1,800 ரூபாய் பில்லுக்குத்தான் இன்னும் வாய் வரவில்லை!