சத்தமின்றி மடியும் தட்டுகள்

இம்முறை மடிக்கணனியின் பாகங்களை நானே தெரிவு செய்தேன். "ஐயா, இரண்டு டெராபைட்டில் ஒண்டு போடுவம். நொடிக்கு 7,000 மெகாபைட் வாசிக்கும்" என்றார் கடைக்காரத் தம்பி. பழைய சாட்டா வகை 550 அளவிலேயே நின்றுவிடும் என்பது உண்மைதான். கலமொன்றில் மூன்று பிட் எழுதும் டிஎல்சியா, நான்கு பிட்டைத் திணிக்கும் கியூஎல்சியா என்று கேட்டேன். சற்று நிமிர்ந்து பார்த்தார். கியூஎல்சி மலிவு; ஆனால் விரைவில் தேயும்.

வேகம் எனது கவலையன்று. முன்னர் ஒருமுறை, பதினொரு ஆண்டு நேர்காணல் ஒலிப்பதிவுகளிருந்த வன்தட்டு 'டிக், டிக்' என்று ஒலித்தது. கையிலிருந்த கட்டுரையை முடித்துவிட்டுப் பார்ப்போம் என்றிருந்தேன். கட்டுரை முடிந்தது, வன்தட்டும் முடிந்தது. அவற்றில் பேசியவர்களுள் சிலர் இன்று உயிருடன் இல்லை.

இன்றைய திண்மநிலைத் தட்டுகளில் சுழலும் பாகம் இல்லை. ஆகவே அந்த எச்சரிக்கை ஒலியும் இல்லை. தவறுதலாக அழித்த கோப்பைப் பழைய வன்தட்டிலிருந்து பல வேளைகளில் மீட்கலாம். இவற்றிலோ 'டிரிம்' என்னும் ஏற்பாடு அழித்த இடத்தைத் துப்புரவாக்கிவிடுகிறது.

எனவே ஒரு டெராபைட் டிஎல்சி தட்டுகள் இரண்டு. ஒன்றில் வேலை; மற்றதில் இரவுதோறும் அதன் பிரதி. எம்.2 பொருத்துவாய் இரண்டுள்ள மடிக்கணனியைத் தேடுவதற்கே ஒரு வாரம் சென்றது. நினைவகம் 32 கிகாபைட். செலவு கூடியதால் தனி வரைகலை அட்டையைக் கைவிட்டேன். தம்பிக்கு அதில் மனவருத்தம்.

மடிக்கணனியே களவு போனால் இரண்டும் சேர்ந்தே போகும். அதற்காகப் பழைய பாணி வெளி வன்தட்டொன்று மகள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. மாதமொரு ஞாயிறு பிரதியெடுக்கப் போவேன். மத்தியானச் சாப்பாடும் அங்கேதான்.