ஒப்புக்கொண்டவன் குற்றவாளியா?

துப்பறியும் கதை என்றாலே முகஞ்சுளிப்போரில் நாமும் ஒருவராகவே நெடுங்காலம் இருந்து வந்தோம். அரபு இலக்கணமும் ஃபிக்ஹுச் சட்டமும் ஓதிக்கொடுப்பவருக்குக் கொலைக் கதையில் என்ன வேலை என்று வினவும் அன்பர்களுக்கு நம்மிடம் ஒரே விடைதான் உண்டு. நாம் செய்த தவறொன்றை நமக்கு முழுமையாக விளங்க வைத்தது அத்தகைய கதையொன்றேயாகும்.

அமெரிக்காவில் இவ்வகைப் புதினங்களுக்கு 1878-இலேயே ஆன்னா காதரின் கிரீன் என்னும் பெண்மணி வழி திறந்துவிட்டார். 1908-இல் வெளிவந்த மேரி ராபர்ட்ஸ் ரைன்ஹார்ட்டின் 'சுழற்படிக்கட்டு' பெரும் வரவேற்பைப் பெற்றது. அக்காலத்தில் எழுதியவர்களுள் மெல்வில் டேவிசன் போஸ்ட் (1869-1930) என்பவரே நம் உள்ளத்தைக் கவர்ந்தவர். மேற்கு விர்ஜீனியாவைச் சேர்ந்த இவர் வழக்கறிஞர். சட்டத்தின் ஓட்டைகளைக் காட்டிக் குற்றவாளிகளைத் தப்பவைக்கும் வழக்கறிஞன் ஒருவனைப் படைத்து, 1896-இல் கதைத் தொகுதி ஒன்றை வெளியிட்டார். அதே கையால், 1911 முதல், நேர்மாறான ஒருவரையும் படைத்தார். அவரே அப்னர் மாமா. உள்நாட்டுப் போருக்கு முந்திய விர்ஜீனிய மலைநாட்டில் வாழும் இறையச்சமுள்ள மனிதர். அரசாங்கப் பதவி எதுவும் இல்லாதவர். அவரைப் பற்றிய பதினெட்டுக் கதைகள் 1918-இல் நூலாயின.

அவற்றுள் 1914-இல் வெளிவந்த 'டூம்டார்ஃப் மர்மம்' என்பதை, கல்லூரியில் ஆங்கிலம் பயின்ற நம் மகன் வாசித்துத் தமிழில் விளக்கினான். மது காய்ச்சி ஊரைக் கெடுத்த டூம்டார்ஃப் என்பவன், உட்புறம் தாழிட்ட அறையில் சுடப்பட்டுக் கிடக்கிறான். கொன்றது நானே என்று இருவர் முன்வருகின்றனர். அவன் அழியவேண்டுமென இறைஞ்சிய போதகர் ஒருவர். மெழுகுப் பொம்மை செய்து அதன் நெஞ்சில் ஊசி பாய்ச்சிய பெண் ஒருத்தி. இருவரும் பொய்யர்களல்லர், தாம் கூறியதை உளமார நம்பியவர்கள். அப்னரோ அவர்களின் சொல்லோடு நின்றுவிடாமல் அறையை ஆராய்கிறார். மேசைமீதிருந்த தெளிந்த மதுப்புட்டி, உச்சிவெயிலைக் குவிகண்ணாடிபோல் ஒருமுகப்படுத்தியது. அந்த ஒளிப்புள்ளி சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியின் வெடிமூடியில் விழுந்து அதனை வெடிக்கச் செய்தது. அவன் காய்ச்சிய மதுவே அவனைக் கொன்றது!

மகன் கதையை முடித்தபோது நம்மால் பேச இயலவில்லை. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்ததொன்று நினைவில் எழுந்தது.

நாம் அப்போது பணியாற்றிய மதரஸாவில் மாணவர்களின் சாப்பாட்டுச் செலவுக்காக நம்மிடம் ஒப்படைத்திருந்த தொகை காணாமற் போயிற்று. தந்தையை இழந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன்மீது ஐயம் விழுந்தது. முன்னர் ஒருமுறை பேனா எடுத்தவன் என்பதே அதற்குக் காரணம். பிரம்பை மேசைமேல் வைத்துக்கொண்டு மும்முறை வினவினோம். மூன்றாம் முறை, "நான்தான் எடுத்தேன் ஹஜ்ரத்" என்றான். நாமும் நிம்மதியுற்றோம். மறுவாரம் அவனுடைய தாயார் வந்து அழைத்துச் சென்றார்.

இரண்டு திங்கள் கழித்து, கறையானுக்கு அஞ்சிக் கிதாபுகளை வெயிலில் காயவைத்தபோது, அந்த நோட்டுகள் ஒரு கிதாபின் அட்டைக்குள்ளிருந்து உதிர்ந்தன. அங்கே வைத்தது நாமே. வைத்ததை மறந்ததும் நாமே.

அச்சுறுத்திப் பெற்ற இக்ரார் செல்லாது என்பதை ஆண்டுதோறும் பாடமாக நடத்தியவர் நாம். மாணவர்கள் அதை மனனம் செய்து ஒப்புவிக்கவும் கேட்டோம்! ஏட்டிலிருந்த சட்டம் நம் கைப்பிரம்பைத் தடுக்கவில்லை.

அவனைத் தேடிச் சென்றோம். தேநீர்க் கடையொன்றில் குவளை கழுவிக் கொண்டிருந்தான். மன்னிப்புக் கோரினோம். "பரவாயில்லை ஹஜ்ரத்" என்று கூறி, நம் முன் ஒரு குவளைத் தேநீர் வைத்தான். ஆயினும் ஓத மீண்டும் வரவில்லை.

அப்னர் அறையை ஆராய்ந்தார்; நாம் ஒரு குழந்தையின் நடுங்கும் முகத்தை ஆராய்ந்தோம். அறை பொய் சொல்லாது. அஞ்சிய முகமோ நாம் விரும்பியதையே சொல்லும். பெற்றோரும் ஆசிரியருமாகிய நாம் இவ்வேறுபாட்டை உணரக் கொலைக் கதைதான் வேண்டுமென்பதில்லை. ஆனால் நமக்கு அதுவே வேண்டியிருந்தது.

இப்போதெல்லாம் ஒரு பொருள் காணாமற் போனால், யாரையும் வினவுமுன் நம் அலமாரியையே முதலில் திறந்து பார்க்கிறோம்.