குத்தகை நிலத்தில் ஒரு லேசர்

புது ஆற்றுப் பாலத்தில் நின்று தண்ணீரை வேடிக்கை பார்க்காத தஞ்சாவூர்க்காரர் இருக்க முடியாது. ஆறு என்று பேர்தான். உண்மையில் அது 1934-ல் மேட்டூர் அணையோடு வந்த கல்லணைக் கால்வாய். அதற்குச் சரியாக நூறு வருடம் முன்னால், 1834-ல், ஸ்காட்லாந்தில் இப்படி ஒரு வாய்க்கால் கரையில் ஜான் ஸ்காட் ரஸ்ஸல் என்ற எஞ்சினியர் ஒரு படகைக் கவனித்துக்கொண்டிருந்தார். ரெண்டு குதிரை இழுத்து வந்த படகு சட்டென்று நின்றது. ஆனால் அதன் முன்னால் திரண்டிருந்த தண்ணீர் நிற்கவில்லை! ஒரே ஒரு மேடாக, உருவம் குலையாமல், வாய்க்காலோடு போய்க்கொண்டே இருந்தது. மனிதர் விடவில்லை. குதிரையில் ஒன்றிரண்டு மைல் துரத்திக்கொண்டே போய்ப் பார்த்தார். இந்த ஜாதி அலைக்கு சொலிட்டான் என்று 1965-ல் பேர் வைத்தார்கள்.

சரி, இதற்கும் லேசருக்கும் என்ன சம்பந்தம்? (காமர்ஸ் மக்கள் பயப்பட வேண்டாம், சமன்பாடு ஒன்றும் எழுதப் போவதில்லை.)

மிகக் குறுகிய ஒளித் துடிப்பு ஒன்றைக் கண்ணாடி இழைக்குள் அனுப்பினால் அது போகப் போகப் பரவிவிடும். காரணம், அதில் பல நிறங்கள் கலந்திருக்கின்றன, கண்ணாடிக்குள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு வேகம். ஆனால் ஒளி பலமாக இருந்தால் இன்னொன்றும் நடக்கும். தான் போகும் கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணையே அது கொஞ்சம் மாற்றிவிடும். அதனால் துடிப்பின் முன்பக்கம் சிவப்புப் பக்கமாகவும் பின்பக்கம் நீலப் பக்கமாகவும் சாயும். சில அலைநீளங்களில் நீலப் பக்கம்தான் வேகமாக ஓடும். அப்போது பின்னால் வருவது முன்னால் போவதை எட்டிப் பிடிக்கும். பரவுவதும் இழுப்பதும் சரிக்குச் சரியானால் ரஸ்ஸலின் அலை மாதிரியே துடிப்பும் குலையாமல் போகும். ஹசெகாவா, டாப்பர்ட் இருவரும் இதைக் காகிதத்தில் சொன்னது 1973-ல். மோலனார் குழு பரிசோதனையில் பார்த்தது 1980-ல். ஏழு வருடம் அது வெறும் கணக்காகவே இருந்தது.

இந்தத் துறையின் கால அளவு ஃபெம்டோசெகண்ட். ஓர் அரிசியின் நீளம் 6 மில்லிமீட்டர் என்றால், அதைத் தாண்ட ஒளிக்கே 20,000 ஃபெம்டோசெகண்ட் வேண்டும். ஒரு செகண்டில் எத்தனை ஃபெம்டோசெகண்டோ, அத்தனை செகண்டைச் சேர்த்தால் சுமார் மூன்று கோடி வருடம்! 2023 நோபல் இதற்கும் கீழே, அட்டோசெகண்ட் துடிப்புகளுக்குப் போனது.

இப்படிப்பட்ட லேசர் வாங்க கோடிகள் வேண்டும். கணக்குப் போட வேண்டாம். அதனால்தான் டெல்டாவின் தலைமாட்டில், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில், எம். லட்சுமணன் குழுவால் இதைச் செய்ய முடிந்தது. சொலிட்டானின் புகழே, ரெண்டு மோதினாலும் ஒன்றும் ஆகாததுபோல் கடந்து போகும் என்பதுதான். ஆர். ராதாகிருஷ்ணன், லட்சுமணன், பின்லாந்தின் ஹியட்டாரின்டா மூவரும் 1997-ல் வேறொன்றைக் காட்டினார்கள். துடிப்புக்கு ரெண்டு கூறுகள் இருந்தால், மோதலில் ஆற்றல் ஒரு கூறிலிருந்து மற்றதற்கு மாறலாம். அடுத்த வருடமே அமெரிக்காவில் ஸ்டைக்ளிட்ஸ் குழு, அப்படியானால் ஒளியை ஒளியோடு மோதவிட்டே கம்ப்யூட்டர் மாதிரி கணக்குப் போடலாமே என்று எழுதியது. 1999-ல் இந்த ஆற்றல் மாற்றத்தைப் பரிசோதனையிலும் பார்த்தார்கள். 2001-ல் டி. கண்ணாவும் லட்சுமணனும் இதை இன்னும் அதிகக் கூறுகளுக்கு விரித்தார்கள். எல்லாம் பேனா, காகிதம், ஒரு கம்ப்யூட்டர்.

செலவு குறைவு என்பதால் வாழ்க்கையும் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். பி.எச்.டி. முடித்ததும் நிரந்தர வேலை கிடைப்பதில்லை. நடுவில் போஸ்ட்டாக் என்று ஒரு காலம் இருக்கிறது. முதுமுனைவர் ஆய்வு என்று தமிழில் கம்பீரமாகத்தான் இருக்கும்! நம்மூர்ப் பாஷையில் சொன்னால் குத்தகைச் சாகுபடி. மத்திய அரசின் நேஷனல் போஸ்ட் டாக்டோரல் ஃபெலோஷிப் 2 வருடம். பொதுப் பிரிவில் வயது 35-க்குள் இருக்க வேண்டும். முதல் வருடம் புதுப் பிரச்சினையைப் புரிந்துகொள்ளவே போய்விடும். ரெண்டாம் வருடம் விடை முளைக்கும்போது அடுத்த நிலத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும். அது டிரெஸ்டனாக இருக்கலாம், ஹைதராபாத்தாகவும் இருக்கலாம். கல்யாண வீட்டில் "தம்பி என்ன பண்றாப்ல?" என்று கேட்டால், "இன்னும் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கான்" என்று அம்மா சமாளிப்பார். தம்பிக்கு வயது 32.

குத்தகைக்காரரை நினைத்த நேரத்தில் நிலத்தைவிட்டு எழுப்பக்கூடாது என்று தஞ்சாவூர் ஜில்லாவுக்கு 1952-லேயே சட்டம் வந்துவிட்டது. போஸ்ட்டாக்குக்கு அதுவும் கிடையாது.

கட்டுரை அச்சாகி வரும்போது பாருங்கள், பெயருக்குக் கீழே பழைய பல்கலைக்கழகம் இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரக் குறி. பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், "தற்போதைய முகவரி" என்று வேறொரு ஊர்.