கறுப்பு பானெட்

சென்னையில் பல்லாவரம் பக்கம் வாட்டர் வாஷ் கடை வைத்திருக்கிறேன். ஒரு வாடிக்கையாளரின் காரைக் கெடுத்தேன். கெடுத்ததை மறைத்தேன். பிறகு பழியைக் கடைப் பையன் மேல் போட்டேன். எப்படிச் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் யோக்கியதை அதில்தான் தெரியும்.

அவர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். கறுப்பு செடான். ஞாயிறுதோறும் என்னிடம்தான் கழுவ விடுவார். ஒருநாள் பானெட்டைக் காட்டினார். வெள்ளை வெள்ளையாக வளையங்கள். "உப்புக் கறை மாதிரி இருக்கே தம்பி, அபார்ட்மெண்ட்ல டேங்க் தண்ணி தெறிக்குதோ?" என்றார். "அதேதான் சார்" என்றேன்.

பொய். கறை என் போர் தண்ணீரால் வந்தது. அது எனக்கு அன்றே தெரியும். என் கடைப் பைப்பின் வாயில் எப்போதும் சுண்ணாம்பு பூத்துக் கிடக்கும். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தபோது கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் குடிநீருக்கு இந்திய தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்ச அளவே அதுதான். அந்தத் தண்ணீரை வெயிலில் காய்ந்த கறுப்புத் தகட்டில் பீய்ச்சுவோம். சரியாகத் துடைக்காமல் அடுத்த வண்டிக்குப் போய்விடுவோம். தண்ணீர் ஆவியாகிவிடும். கால்சியமும் மெக்னீசியமும் அங்கேயே உட்காரும். சொட்டின் விளிம்பில்தான் அதிகம் சேரும், அதனால்தான் கறை வளையமாகத் தெரிகிறது. நாள்படவிட்டால் பெயிண்டையே அரிக்கத் தொடங்கும்.

தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் போட விலை விசாரித்து வைத்திருந்தேன். அந்தப் பணத்தில் நுரை அடிக்கும் மெஷின் வாங்கினேன். நுரை வாடிக்கையாளர் கண்ணில் படும். சாஃப்ட்னர் ஷெட்டுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் நிற்கும்.

ஆக, நான் உண்டாக்கிய கறையை எடுக்க நானே 4,500 ரூபாய் கேட்டேன். அவர் பேரம் பேசவில்லை.

நான் டீ குடிக்கப் போன நேரத்தில் பையன் ஒரு வேலை செய்திருந்தான். வெள்ளை வினிகரும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. துணியில் நனைத்து, நிழலில் ஆறியிருந்த இடது கதவின் மேல் ஓரிரு நிமிடம் ஒட்டி வைத்து, எடுத்து, அலசித் துடைத்திருந்தான். கதவில் ஒரு வளையம் கூட இல்லை. "அண்ணே, பானெட்டுக்கும் இதையே போட்டுப் பாக்கலாம்ணே. போகாத எடத்துக்கு மட்டும் பாலிஷ் மெஷின் வைக்கலாம்."

அவன் சொன்னது சரி. மேலே படிந்த உப்பு வினிகரில் கரையும். அரித்துவிட்ட இடத்துக்குத்தான் பாலிஷ் வேண்டும். "சமையல்கட்டு வேலையெல்லாம் இங்க வேணாம்டா" என்றேன். வினிகர் தடவிவிட்டு 4,500 எப்படி வாங்குவது? மெஷின் சத்தம் கேட்டால்தான் பில்லுக்கு மரியாதை. அதையும் விடப் பெரிது, இவன் சொல்லி நான் கேட்பதா என்ற திமிர்.

ரோட்டரி மெஷினில் கம்பளி பேடை மாட்டி, கட்டிங் காம்பவுண்டைத் தடவினேன். நிறத்தின் மேல் பூசியிருக்கும் கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். மடிப்புக் கோட்டில் அதையும் விட மெல்லிசு. அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் மெஷின் வைக்க வேண்டும். டேப் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. ஒட்டவில்லை. மடிப்பை ஒட்டி ஒரு வளையம் போக மறுத்தது. மெஷினைச் சாய்த்து, அழுத்தி, ஒரே இடத்தில் நிறுத்தினேன். கருகல் வாசனை வந்தது. அப்போதாவது எடுத்திருக்கலாம். பையன் பார்த்துக்கொண்டிருந்தான், அதனால் எடுக்கவில்லை.

தூக்கிப் பார்த்தபோது பேட் கறுத்திருந்தது. கிளியர் கோட்டைத் தேய்த்தால் பேடில் நிறம் ஏறாது. கறுப்பு ஏறினால் கிளியர் கோட் போய்விட்டது, அடியிலுள்ள நிறத்தைத் தொட்டுவிட்டோம் என்று அர்த்தம். விரல் நீளத்துக்கு அந்தக் கோடு பளபளப்பு செத்துக் கிடந்தது. இதைப் பாலிஷ் போட்டுச் சரிசெய்ய முடியாது. பானெட்டுக்கு மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டும்.

அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். செலவுக்குப் பயந்தேன். பேர் கெடும் என்று அதைவிடப் பயந்தேன். கிளேஸ் தடவி, மேலே வேக்ஸ் ஏற்றினேன். சில வாஷ் வரை தாங்கும். மதியமே முடிந்த வண்டியை இருட்டிய பிறகு ட்யூப் லைட் வெளிச்சத்தில் கொடுத்தேன். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டேன்.

சில மாதங்களில் அந்த இடம் வெளுத்தது. சுற்றிலும் கிளியர் கோட் உரியத் தொடங்கியது. வெயிலைத் தாங்குவதே அந்த அடுக்குதான். அவர் வண்டியோடு வந்தார். "என்ன தம்பி ஆச்சு?" என்றார். நான் யோசிக்கக்கூட இல்லை. "நான் வெளிய போயிருந்த நேரத்துல பையன் மெஷின் வச்சுட்டான் சார்." பையன் பக்கத்திலேயே டயர் கழுவிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவர் எதிரிலேயே அவனைக் கன்னாபின்னாவென்று திட்டினேன். திட்டினால்தான் பொய் நிற்கும். "விடுங்க, சின்னப் பையன்" என்று சொன்னது அவர்தான்.

அவர் சொந்தச் செலவில் வேறிடத்தில் பெயிண்ட் அடித்துக்கொண்டார். பிறகு வண்டியை விற்கப் போனபோது, வாங்க வந்தவர் பெயிண்ட் அளக்கும் கருவி வைத்துப் பார்த்திருக்கிறார். மற்ற இடங்களைவிட பானெட்டில் அளவு அதிகம். முன்பக்கம் அடிபட்ட வண்டியா என்று கேட்டிருக்கிறார். இல்லையென்று இவர் சொன்னதை நம்பவில்லை. விலையில் 40,000 குறைந்தது. புது வண்டியை என்னிடமே கழுவ விட வந்து, இதை அவரே சொன்னார். இன்னும் என்னிடம்தான் வருகிறார்.

பையன் நான் திட்டிய அந்த வாரமே நின்றுவிட்டான். பாக்கிச் சம்பளத்தைக் கேட்கவில்லை. கேட்காததால் நானும் கொடுக்கவில்லை. அவன் வேலை கேட்டுப் போன கடைக்காரர் என்னிடம் போனில் விசாரித்தார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது. எதிரில் ஆள் இல்லை, அவமானமும் இல்லை. "நல்ல பையன்தான், மெஷின் மட்டும் கையில குடுக்காதீங்க" என்றேன். இன்றுவரை அங்கே டயர்தான் கழுவுகிறான்.

என் கடையில் இப்போது உப்புக் கறைக்கு முதலில் வினிகர்தான். அவன் செய்த அதே கலவை. அதற்கு 1,500 வாங்குகிறேன்.